நாப்கினைத் தாங்கிய உள்ளாடை: மறைவில் நடந்த ஒரு தொழில்நுட்ப வரலாறு

மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் பயன்படுத்திய பொருள்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் உறிஞ்சும் பொருளையே நடுவில் வைத்து எழுதியுள்ளனர். பழந்துணி போய்ப் பஞ்சு வந்தது, பஞ்சு போய் மரக்கூழ் வந்தது, மரக்கூழோடு வேதிப்பொருள் சேர்ந்தது என்பதே அவர்கள் தரும் வரிசை. உறிஞ்சுவது எதுவாயினும், அதை உடலோடு ஒட்டி, நடக்கும்போதும் குனியும்போதும் நகராமல், மேலாடைக்கு வெளியே தடம் தெரியாமல் நிறுத்திவைப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் 1850களிலிருந்து 1970கள் வரை அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர்களையும், கடைக்காரர்களையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்களையும் ஓயாமல் அலைக்கழித்தது இக்கேள்விதான். இடுப்புப் பட்டி, கொக்கி, ஊக்கு, ரப்பர் விரிப்பு, ஈரம் கசியாத பை, உட்புறம் நாடா தைத்த ஜட்டி எனப் பல வடிவங்களில் அதற்கு விடை தேடப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை இன்று அருங்காட்சியகப் பெட்டிகளில்கூட அரிதாகவே காணப்படுகின்றன.

இத்தேடலின் தொடக்கத்தைப் புரிந்துகொள்ள அக்கால உள்ளாடையின் தையலை முதலில் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் அணிந்த உள்காற்சட்டைக்குக் கவட்டில் தையலே கிடையாது. ‘டிராயர்ஸ்’ எனப்பட்ட அந்த ஆடை, இரண்டு கால்களுக்கும் தனித்தனிக் குழாயாகத் தைக்கப்பட்டு, இடுப்பில் மட்டும் ஒரே பட்டையில் இணைக்கப்பட்டிருந்தது. உடலை இறுக்கிக் கட்டும் கோர்செட் என்னும் கச்சையையும் அதன்மேல் அடுக்கிய பாவாடைகளையும் களையாமலே சிறுநீர் கழிக்க இந்தத் திறப்பு உதவியதால், அது குறையாகக் கருதப்படவில்லை. நாகரிகமான பெண்ணுடையின் இயல்பாகவே கருதப்பட்டது. இத்தகைய ஆடையில் மடித்த துணி எதையும் வைத்து நிறுத்த இயலாது என்பதால், உறிஞ்சும் துணிக்கு உள்ளாடையைச் சாராத தனித் தாங்கி ஒன்று தேவைப்பட்டது. இடுப்பைச் சுற்றிய பட்டியும், அதன் முன்னும் பின்னும் தொங்கிய இரண்டு முனைகளும் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. கவடு மூடிய உள்ளாடை இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் பொது வழக்கான பின்னரும் பட்டி மறையாமல் இன்னும் அரை நூற்றாண்டு நீடித்தது, தொழில்நுட்பங்கள் தம் காரணம் மறைந்த பின்னும் பழக்கத்தால் வாழும் என்பதற்கு நல்ல சான்று.

வீட்டில் கிழித்து, மடித்து, துவைத்து, மீண்டும் பயன்படுத்திய துணியே அக்காலத்தின் பொதுவழக்கு. அதைப் பட்டியில் ஊக்கு குத்தி மாட்டினர். வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் 1849இல் காப்புரிமை பெற்ற சேஃப்டி பின், முனை மூடிக்கொள்வதால் உடலைக் குத்தாது என்பதால் இந்த வேலைக்கு வெகுவாகப் பொருந்தியது. 1854ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் மாதவிடாய்த் தாங்கிகளுக்கான விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. ரப்பரால் செய்த பை, கம்பிச் சட்டத்தில் பொருத்திய துணி, தோளிலிருந்து தொங்கவிடும் வார் என அவற்றில் விசித்திரங்களுக்குக் குறைவில்லை. பெண்ணுடலின் தேவையை ஊகித்து எழுதிய ஆண்களின் கற்பனை பலவற்றில் வெளிப்படையாகத் தெரிகிறது. கடைகளில் உண்மையாக விற்பனையானவை இவற்றைவிட எளியவை. ‘சானிட்டரி ஏப்ரன்’ என்ற ஒன்றை அஞ்சல்வழிக் கடைகளின் பட்டியல்கள் தவறாமல் இடம்பெறச் செய்தன. ஏப்ரன் என்றாலும் அது முன்புறம் கட்டுவதன்று. ரப்பர் பூசிய துணியைப் பாவாடைக்கு உள்ளே பின்புறமாகத் தொங்கவிட்டு, உட்காரும்போது மேலாடையில் கறை படாமல் தடுப்பதற்கானது. வெப்பத்தில் வியர்வையும் வாடையும் தந்த அந்த ஆடை உடலைக் காத்ததைவிட மேலாடையையே காத்தது. அணிபவளின் வசதியைவிடப் பார்ப்பவரின் கண்ணுக்கே முதலிடம் தந்த இந்த வடிவமைப்பு நோக்கு, அடுத்த எண்பது ஆண்டுகளின் கதையிலும் மாறவில்லை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நாப்கின் 1880களின் இறுதிக்குள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. பர்மிங்காம் நகரத்தின் சவுதால் நிறுவனம் அவற்றை விளம்பரப்படுத்தி விற்றது. அமெரிக்காவில் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் 1890களின் பிற்பகுதியில் ‘லிஸ்டர்ஸ் டவல்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட நாப்கின் தோல்வியுற்றது. பொருளில் குறையில்லை; வெளிப்படையாக விளம்பரம் செய்யவும் முடியவில்லை, கடையில் நின்று கேட்டு வாங்கவும் பெண்கள் துணியவில்லை. முதல் உலகப் போர்தான் இந்த முட்டுக்கட்டையை அசைத்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் காகித நிறுவனமான கிம்பர்லி-கிளார்க், பஞ்சுத் தட்டுப்பாட்டை ஈடுசெய்ய மரக்கூழிலிருந்து ‘செல்லுகாட்டன்’ என்ற உறிஞ்சும் பொருளை உருவாக்கி, இராணுவ மருத்துவமனைகளுக்குக் காயக்கட்டாக வழங்கியது. போர்முனைச் செவிலியர் அதையே தம் மாதவிடாய்க்கும் பயன்படுத்திக்கொண்டனர். 1918இல் போர் முடிந்ததும் கையிருப்பில் தேங்கிய செல்லுகாட்டனுக்கு வேறு சந்தை தேடிய நிறுவனம், அச்செவிலியர் காட்டிய வழியில் சென்று, 1920களின் தொடக்கத்தில் ‘கோடெக்ஸ்’ நாப்கினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாய்திறந்து கேட்கும் சங்கடம் நீங்க, சில கடைகளில் நாப்கின் பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, அருகே காசு போடுவதற்கு ஒரு பெட்டியும் வைத்தனர். பெண்கள் பணத்தைப் போட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துச் சென்றனர்.

இந்த நாப்கின் தானாக நிற்காது என்பதால் அதனுடன் சேர்ந்து பட்டித் தொழிலும் வளர்ந்தது. ‘சானிட்டரி பெல்ட்’ எனப்பட்ட அந்தப் பட்டியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். எலாஸ்டிக் நாடா ஒன்று இடுப்பைச் சுற்றி வரும். அதன் முன்புற நடுவிலும் பின்புற நடுவிலும் ஒவ்வொரு குட்டை வார் கீழ்நோக்கித் தொங்கும். வாரின் நுனியில் உலோகத்தாலோ பின்னாளில் பிளாஸ்டிக்காலோ ஆன, உட்புறம் பல் வெட்டிய கொக்கி இருக்கும். நாப்கினைச் சுற்றிய காஸ் துணி இரு முனைகளிலும் நீண்ட வாலாக விடப்பட்டிருக்கும். அந்த வாலைக் கொக்கியின் துளை வழியே நுழைத்து, மேலே இழுத்து, பற்களின் மேல் மடக்கிச் சிக்கவைக்க வேண்டும். முன்பக்கம் கண்ணால் பார்த்துச் செய்யலாம். பின்பக்கம் கைத்தடவலில்தான் செய்ய வேண்டும். இறுக்கமாக மாட்டினால் கொக்கி முதுகெலும்பின் அடியில் அழுத்தும், தளர்வாக மாட்டினால் நாப்கின் பின்னோக்கி ஏறிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டுபிடிப்பது பருவமடைந்த பெண்ணுக்குத் தாயோ மூத்தவளோ சொல்லித்தர வேண்டிய கைத்திறனாகவே இருந்தது. காலுறையைத் தாங்குவதற்கென இன்னொரு பட்டியும் அதே இடுப்பில் இருந்ததை நினைத்தால், மாதத்தில் சில நாள்கள் அப்பெண்களின் இடை ஒரு சேணம்போல் கட்டப்பட்டிருந்தது என்று சொல்வது மிகையாகாது.

இந்தக் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அவற்றை முறையாகக் கேட்டுத் தொகுத்தவர் லில்லியன் கில்பிரெத். தொழிலாளரின் உடலசைவுகளை அளந்து வீண் உழைப்பைக் குறைக்கும் ‘அசைவு ஆய்வு’ என்ற துறையைக் கணவர் ஃபிராங்குடன் சேர்ந்து வளர்த்தவர் அவர். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். 1924இல் கணவர் இறந்த பின், ஆண் பொறியாளர்களுக்கு மட்டுமே பணி தரப் பழகிய நிறுவனங்கள் விலகிச் சென்றன. பெண்கள் வாங்கும் பொருள்களை ஆராயும் பணிகளே அவரை நாடி வந்தன. அவற்றுள் ஒன்று ஜான்சன் அண்டு ஜான்சன் கேட்ட நாப்கின் ஆய்வு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விடைகளைத் தொகுத்து 1927இல் அவர் அளித்த அறிக்கை, சந்தையில் இருந்த நாப்கின்கள் நீளத்திலும் அகலத்திலும் தடிமனிலும் அளவு மீறியவை என்றும், பெண்களில் பலர் கடையில் வாங்கியதைப் பிரித்து வெட்டி மடித்துத் தம் உடலுக்கேற்ப மாற்றிக்கொள்கின்றனர் என்றும் காட்டியது. அக்காலத்து மெல்லிய, நேர்கோட்டு உடைகளின்மேல் நாப்கினின் முனைகள் புடைத்துத் தெரிவதே அவர்களின் பெருங்கவலை. பயன்படுத்துபவரின் சொல்லைக் கேட்டு வடிவமைப்பது இன்று கல்லூரிகளில் பாடமாகிவிட்ட முறை. அதன் மிகத் தெளிவான முற்காலச் சான்றுகளில் ஒன்று, வெளியே பேசத் தகாதது என்று ஒதுக்கிய இந்தப் பொருளைப் பற்றியது.

கில்பிரெத்தின் அறிக்கை சுட்டிய இரண்டு கவலைகளுள் மறைவு பற்றியதை நிறுவனங்கள் உடனே பிடித்துக்கொண்டன, வசதி பற்றியது பின்னுக்குச் சென்றது. ‘மோடெஸ்’ என்ற புதிய நாப்கினுக்காக ஜான்சன் அண்டு ஜான்சன் 1928இல் வெளியிட்ட விளம்பரங்களில், வெட்டியெடுத்துக் கடைக்காரரிடம் நீட்டத்தக்க சிறு சீட்டு ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. வாய்பேசாமலே வாங்குவதற்கான ஏற்பாடு அது. கோடெக்ஸ் தன் பங்குக்கு, 1930களின் தொடக்கத்தில், முனைகளை மெலிதாக்கி உடையின்மேல் கோடு தெரியாதவாறு செய்த நாப்கினை விளம்பரப்படுத்தியது. பட்டியும் கொக்கியும் மட்டும் ஏறத்தாழ அப்படியே இருந்தன. விளம்பரப்படங்களில் பட்டு மேலங்கியும் மாலைநேர உடையும் தென்பட்டன. அவற்றுக்குள் இருந்த கொக்கியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உள்ளாடையின் பக்கத்தில் இதற்கிடையே வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ரப்பர் இழையை நூலால் சுற்றிச் செய்த ‘லாஸ்டெக்ஸ்’ 1930களில் பரவியது. 1940இல் நைலான் காலுறைகள் கடைக்கு வந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் உள்ளாடையும் மலிந்தது. தளர்ந்து தொங்கிய உள்காற்சட்டை, உடலோடு ஒட்டிய ஜட்டியாகச் சுருங்கியது. உடலோடு ஒட்டும் ஆடை கிடைத்தபின் தாங்கியையும் ஆடையையும் ஒன்றாக்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. ‘சானிட்டரி பேன்டி’ எனப்பட்ட ஜட்டிகளில் கவட்டின் உட்புறம் ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ ஆன, ஈரம் கசியாத துண்டு தைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னும் பின்னும் நாப்கினின் வாலை மாட்டுவதற்குச் சிறு நாடாக்களோ கொக்கிகளோ இருந்தன. இடுப்புப் பட்டி தேவையில்லை, கறையும் கசியாது, வெளியிலிருந்து பார்த்தால் வழக்கமான உள்ளாடை. ஆனால் பட்டி ஒன்றை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் போதும். இத்தகைய ஜட்டிகளோ மாற்றி மாற்றி அணிய நான்கைந்தாவது வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் புழுக்கத்தையும் தந்தது. ஆகவே இவை பட்டியை ஒழிக்கவில்லை. இரவில் ஒன்று, பகலில் ஒன்று, பயணத்தில் இரண்டும் என்று பெண்கள் கலந்தே பயன்படுத்தினர்.

இந்த இடைக்காலத்தில்தான் மேரி பியாட்ரிஸ் டேவிட்சன் கென்னரின் பணி அமைகிறது. 1912இல் வட கரோலைனாவின் மன்ரோ நகரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி அவர். தாய்வழிப் பாட்டனார் ரயில்களுக்கு மூவண்ண விளக்கை உருவாக்கியவர். தந்தை சிட்னி டேவிட்சன் பயணப் பெட்டிக்குள் வைக்கத்தக்க துணி அழுத்திக்கு 1914இல் காப்புரிமை பெற்றவர். தங்கை மில்ட்ரெட், நோயால் படுத்த நிலையிலும், உறவுமுறைகளைக் கொண்டு ஆடும் பலகை விளையாட்டு ஒன்றை உருவாக்கி 1980இல் காப்புரிமை பெற்றார். குடும்பம் 1924இல் வாஷிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. காப்புரிமை அலுவலகம் அந்நகரிலேயே இருந்ததால், தமக்குத் தோன்றும் ஒவ்வொன்றையும் முன்பே யாரும் பதிவு செய்துவிட்டார்களா என்று அங்கே சென்று தேடிப் பார்ப்பது சிறுமி கென்னரின் பொழுதுபோக்காயிற்று. ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர் ஒன்றரை ஆண்டில் பணமின்மையால் படிப்பை விட்டார். போர்க்காலத்தில் அரசு அலுவலகங்களில் பணியாற்றி, 1950 முதல் பூக்கடை நடத்தினார்.

காப்புரிமைக்கு வழக்கறிஞர் கட்டணமும் பதிவுக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்பதால், இளமையிலேயே தோன்றிய எண்ணத்துக்கு அவர் 1954இல்தான் விண்ணப்பிக்க முடிந்தது. 1956 மே மாதத்தில் 2,745,406 என்ற எண்ணுடன் சானிட்டரி பெல்ட்டுக்கான காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. அதன் மேம்பட்ட வடிவத்துக்கு 1959இல் இன்னொன்று கிடைத்தது. இடுப்பளவுக்கு ஏற்பத் தளர்த்தவும் இறுக்கவும் கூடிய பட்டியும், நாப்கினை உள்ளே செருகுவதற்கு ஈரம் புகாத பையும் அதன் கூறுகள். முந்திய பட்டிகள் நாப்கினின் இரு முனைகளை மட்டும் பிடித்து நடுப்பகுதியை அந்தரத்தில் விட்டன. அதனால்தான் அது முறுக்கிக்கொண்டது, நகர்ந்தது, ஓரம் வழியே கசிந்தது. கென்னரின் பை நாப்கினின் முழு நீளத்தையும் அடியிலிருந்து தாங்கியது. பட்டியின் எளிமையையும் சானிட்டரி பேன்டியின் காப்பையும் ஒருங்கே தந்த அமைப்பு அது.

அண்மைக் காலத்தில் கென்னரே சானிட்டரி நாப்கினைக் கண்டுபிடித்தவர் என்றும், பட்டியே அவர் கண்டதுதான் என்றும் பரவலாக எழுதப்படுகிறது. இரண்டும் சரியன்று. நாப்கின் அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே கடையில் இருந்தது. பட்டி அதற்கும் மூத்தது. புறக்கணிக்கப்பட்ட ஒருவரை மீட்டெடுக்கும் ஆர்வத்தில் செய்யாததையும் அவர்மேல் ஏற்றிச் சொல்வது, அவர் செய்ததன் நுட்பத்தை மறைத்துவிடுகிறது. அவருக்கு நேர்ந்த அநீதியைச் சொல்லவும் மிகைக்குத் தேவையில்லை. சான்-நேப்-பேக் என்ற நிறுவனம் 1957இல் அவருடைய பட்டியை விற்பனைக்குக் கொண்டுவர விரும்பித் தொடர்புகொண்டது. அதன் சார்பாளர் நேரில் வந்து, அவர் கறுப்பினத்தவர் என்று கண்டதும் நிறுவனத்தின் விருப்பம் மறைந்தது. அக்காலச் சட்டப்படி அமெரிக்கக் காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து பதினேழு ஆண்டுகள் செல்லும். கென்னரின் முதல் உரிமை 1973இல் காலாவதியாகும்போது பட்டிகளின் காலமே முடிந்துகொண்டிருந்தது. அதன்பின் அவர் நடைச்சட்டத்தில் மாட்டும் பைக்கும், கழிவறைத் தாள் தாங்கிக்கும், குளியலறைச் சுவரில் பொருத்தும் முதுகு தேய்ப்பானுக்கும் காப்புரிமை பெற்று, 2006இல் மறைந்தார். ஐந்து காப்புரிமைகளாலும் அவர் செல்வம் சேர்க்கவில்லை.

பட்டியை ஒழித்தது பசை. 1969-70 ஆண்டுகளில் ஜான்சன் அண்டு ஜான்சனின் கிளை நிறுவனம் ‘ஸ்டேஃப்ரீ’ என்ற பெயரிலும், ஓரிரு ஆண்டுகளுக்குள் கிம்பர்லி-கிளார்க் ‘நியூ ஃப்ரீடம்’ என்ற பெயரிலும், அடிப்பகுதியில் பசைக்கோடு இட்ட நாப்கின்களை வெளியிட்டன. அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் துணியைக் கிழிக்காமல் பெயரும் பசை அது. அதன்மேல் வழுவழுப்பான தாள் ஒன்று மூடியிருக்கும். தாளை உரித்து ஜட்டியில் ஒட்டுவதற்குச் சில நொடிகள் போதும், வாலும் கொக்கியும் ஊக்கும் வேண்டாம். இந்த மாற்றத்துக்கு வேதியியலைப் போலவே உடைமாற்றமும் காரணம். 1960களில் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே ஆடையான பேன்டிஹோஸ் பரவி, காலுறைப் பட்டியை வழக்கொழித்தது; கச்சையும் மறைந்தது; இடையில் எஞ்சிய ஒரே பட்டியாக சானிட்டரி பெல்ட் துருத்திக்கொண்டு நின்றது. தொலைக்காட்சியில் நாப்கின் விளம்பரத்துக்கு இருந்த தடை 1972இல் விலகியதும் புதிய நாப்கினின் வேகத்தைக் கூட்டியது. பத்தாண்டுகளுக்குள் பட்டி கடைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஜூடி ப்ளூம் 1970இல் வெளியிட்ட சிறுமியர் நாவலான ‘ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்’, பட்டி மாட்டக் கற்றுக்கொள்வதைச் சொல்லியிருந்தது. புதிய தலைமுறைக்கு அது புரியாமற்போகவே, பின்வந்த பதிப்புகளில் அப்பகுதியைப் பசை நாப்கினுக்கு ஏற்ப ஆசிரியரே மாற்றினார். 1980களில் ஓரங்களை மடித்து ஒட்டும் இறக்கைகளும், தன் எடையைவிடப் பன்மடங்கு நீரைக் கூழாக்கிப் பிடிக்கும் வேதிப்பொடியும் சேர்ந்து நாப்கினை இன்றைய மெல்லிய வடிவுக்குக் கொண்டுவந்தன.

பசை எல்லா இடங்களிலும் தனி உள்ளாடையை ஒழித்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. ஜப்பானில் ரப்பர் பூசிய மாதவிடாய்க் கச்சைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே விற்கப்பட்டன. 1961இல், இருபத்தேழு வயதே ஆன சகாய் யோஷிகோ தலைமையில் தொடங்கிய நிறுவனம், ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை நினைந்து ‘ஆன்னே’ என்று பெயரிட்ட நாப்கினை வெளியிட்டு அந்நாட்டின் வழக்கத்தை மாற்றியது. அங்கே பசை நாப்கின் வந்தபின்னும் ‘சானிட்டரி ஷார்ட்ஸ்’ என்னும் தனி உள்ளாடை நிலைத்துவிட்டது. கவட்டின் உட்புறம் ஈரம் கசியாத துணியும், நாப்கினின் இறக்கையை உள்ளே மறைத்துவைக்க இரட்டைத் துணி மடிப்பும் கொண்ட இவ்வாடை இன்றும் ஜப்பானியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் மறைந்த பொருள் ஜப்பானில் வாழ்வதைக் காணும்போது, பசையின் வெற்றி தவிர்க்க முடியாத முன்னேற்றம் என்பதைவிட ஒரு சந்தையின் தேர்வு என்றே மதிப்பிடத் தோன்றுகிறது.

பசை நாப்கின் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. அதை ஒட்டுவதற்கு, உடலோடு இறுகப் பொருந்தும், கவடு மூடிய, நாள்தோறும் மாற்றத்தக்க உள்ளாடை வேண்டும். பட்டி நாப்கின் அதைக் கேட்கவில்லை. கவடு திறந்த உள்காற்சட்டைக்கும், உள்ளாடையே இல்லாத உடைக்கும் அது பொருந்தியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெண்கள் அரைஞாண் கயிற்றிலோ இடுப்பில் கட்டிய நாடாவிலோ பழம்புடவைத் துண்டைக் கோவணம்போல் முன்னும் பின்னும் செருகிக்கொண்ட வழக்கமும் இதே கொள்கையில் அமைந்ததே. புடவைக்கும் பாவாடைக்கும் உள்ளே ஜட்டி அணியும் பழக்கம் பரவுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது இருந்துவந்தது. தூரத்துணி என்று வீட்டில் குரல் தாழ்த்திச் சொன்ன அதைத் துவைத்து வெயிலில் விரிக்கவும் கூச்சம் தடுத்ததால், மாட்டுத்தொழுவத்திலும் கூரைச் செருகலிலும் ஈரம் காயாமல் கிடந்தது. இந்தியாவில் பின்னர் நகரக் கடைகளுக்கு வந்த நாப்கின்களிலும் தொடக்கத்தில் பெல்ட் வகை இருந்தது. மகப்பேற்றுக்குப் பின் மருத்துவமனைகளில் பயன்படுத்தும் பெரிய நாப்கின்களில் இரு முனையிலும் வளையம் வைத்த வகை இன்றும் விற்பனையில் உள்ளது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் 1998 முதல் பாடுபட்டு உருவாக்கிய எளிய இயந்திரம் நாப்கினின் விலையைக் குறைத்து, மகளிர் குழுக்களின் கைக்கு அத்தொழிலைக் கொண்டுசேர்த்தது. ஆனால் மலிந்த நாப்கினுக்கும் அதைத் தாங்க ஓர் ஆடை வேண்டும்.

இந்த நிபந்தனை புலப்பட்ட இடங்களில், பழைய பை மீண்டும் வந்திருக்கிறது. கொலம்பிய நாட்டில் பிறந்த தொழில்துறை வடிவமைப்பாளர் டயானா சியரா, உகாண்டாவின் சிற்றூர்களில் பள்ளி மாணவியர் மாதவிடாய் நாள்களில் வகுப்புக்கு வராததைக் கண்டு, உட்புறம் வலைத்துணிப் பையும் அதன் அடியில் ஈரம் கசியாத துணியும் வைத்த ஜட்டியை உருவாக்கினார். ‘பி கேர்ள்’ என்ற அவருடைய அமைப்பு அதை வழங்கிவருகிறது. அப்பைக்குள் பழந்துணி, பஞ்சு, நாப்கின் என எது கிடைக்கிறதோ அதைச் செருகலாம் என்பதே அதன் சிறப்பு. கடை இல்லாத ஊரில் உறிஞ்சும் பொருள் மாதத்துக்கு மாதம் மாறும். தாங்கும் ஆடை மாறாமல் இருந்தால் போதும். வெளியே உலர்த்தினால் வண்ண ஜட்டியாக மட்டுமே தெரிவதால் வெயிலில் காயவைக்கவும் கூச்சமில்லை. மறைவு இங்கே அணிபவளின் உடல்நலத்துக்குத் துணை நிற்கிறது. இதே காலத்தில் நியூயார்க்கின் ‘திங்க்ஸ்’, ஆஸ்திரேலியாவின் ‘மோடிபாடி’ போன்ற நிறுவனங்கள், நாப்கினே தேவைப்படாமல் உறிஞ்சும் அடுக்குகளை ஜட்டிக்குள்ளேயே தைத்து விற்கத் தொடங்கின. தாங்கியும் தாங்கப்படுவதும் ஒன்றாகிவிட்ட அவ்வாடைகளின் விலை, தேவை மிகுந்தவர்களுக்கு இன்னும் எட்டாதது.

இந்தியாவில் 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 24 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மாதவிடாய்க்குத் துணி பயன்படுத்துவதாகக் கூறினர். 2018இல் நாப்கின்மீது இருந்த 12 விழுக்காடு சரக்கு-சேவை வரி நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ‘புதுயுகம்’ திட்டம் 10 முதல் 19 வயது வரையிலான சிறுமியருக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம் வீதம் நாப்கின் வழங்குகிறது. பழந்துணிகளைச் சேகரித்து நாப்கினாக்கி வழங்கும் டெல்லியின் ‘கூஞ்ச்’ அமைப்பு, தன் பொட்டலத்தில் துணி நாப்கினோடு ஜட்டியையும் சேர்த்தே வைக்கிறது. அரசுத் திட்டங்களின் பட்டியலிலும் அந்த ஜட்டி ஏற வேண்டும். இரண்டு ஜட்டிகூட இல்லாத சிறுமியின் கையில் தரப்படும் பசை நாப்கினால் அவளுக்குப் பாதிப் பயன்தான்.